சூளையில் ஏறிய அம்மா

வாடகைக்குப் பிடித்த மாட்டுக் கொட்டகையில் ஒரே ஒரு ஓவர்லாக் தையல் மெஷினைப் போட்டுப் பனியன் கம்பெனி தொடங்கியவன் நான். மழை வந்தால் மெஷினுக்குக் குடை பிடிக்க ஓர் ஆள், தைக்க ஓர் ஆள். இன்றைக்கு அவிநாசி ரோட்டில் மூன்று மாடி நிற்கிறது. நிட்டிங் என்னுடையது, கட்டிங் என்னுடையது, தையல் என்னுடையது. தெரிந்த நாற்பது இங்கிலீஷ் வார்த்தைகளை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு வெள்ளைக்காரர்களிடம் ஆர்டர் பிடித்தேன். கோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்த காலத்தில் ஊரில் பல பேர் கதவைச் சாத்தினார்கள். என் கம்பெனி வேன் அப்போதும் காலையில் ஆளை ஏற்றி வந்து மாலையில் இறக்கிவிட்டது. அறுபது வயதுக்கு மேல் பீகார் பையன்களிடம் இந்தி கற்றுக்கொண்டேன். ஒரு மகளை டாக்டராக்கினேன். இன்னொருத்தி இப்போது என் கம்பெனியை நடத்துகிறாள். ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் செய்த வேலை இவ்வளவும். நம் பள்ளிக்கூடத்தில் புதிதாக எழும்பியிருக்கும் ஓவிய அறையும் நான் கட்டிக் கொடுத்ததுதான்.

பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சிலர் எழுதுவார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்கு ஒரு தடவை தெரிந்துவிட்டது.

என் கையால் நான் முதன்முதலில் உருப்படியாகச் செய்தது ஒரு மண்பொம்மை. ஒன்றரைச் சாண் உயரம். உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு வெட்டும் ஒரு பெண். போன மாதம் பள்ளியின் பழைய பீரோவின் பூட்டை உடைத்தபோது அது வெளியே வந்தது. புது அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அதை வைக்கப் போகிறார்கள். பெட்டிக்கு அடித்து வைத்திருக்கும் பெயர் அட்டையை எனக்குக் காட்டினார்கள். அதில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. அது என் பெயர் இல்லை.

அதனால்தான் பள்ளியின் இந்தத் திறப்பு விழா மலருக்கு எழுத உட்கார்ந்தேன். என்னோடு அந்த ஓட்டுக் கட்டடத்தில் ஏழாம் வகுப்பில் இருந்தவர்களுக்குச் சொல்கிறேன். எழுத்துப் பிழை மட்டும் மகள் பார்த்தாள். மற்றதெல்லாம் என் கை.

நம் டிராயிங் மாஸ்டரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தெற்கத்திக்காரர். நாம் “ஏனுங் சார்” என்று இழுத்தால் அவருக்குச் சிரிப்பு வரும். அவர் “ஏலே” என்று கூப்பிட்டால் நமக்குச் சிரிப்பு வரும். அவர் வருவதற்கு முன்னால் டிராயிங் பீரியட் என்றால் மாம்பழம், பூசணிக்காய், தேசியக் கொடி. மூன்றும் முடிந்துவிட்டால் மறுபடியும் மாம்பழம். அவர் வந்த வருஷம் குளத்து மண்ணைச் சாக்குப் பையில் சுமந்து வரச் சொன்னார். வகுப்பின் பின்பக்கம் வேப்பமரத்தடியில் அதைக் கொட்டிக் காலால் மிதித்தோம். குளிர்ந்த மண் விரலிடுக்கில் பிதுங்கி வரும். கல், வேர், நத்தை ஓடு எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்க வேண்டும். ஒரு சிறு கல் இருந்தால்கூடச் சூளையில் பொம்மை வெடித்துவிடும் என்றார். அந்த வெடிக்கும் என்ற வார்த்தை அன்றைக்கே என் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அரைப்பரீட்சைக்கு முன் மாவட்டக் கண்காட்சி. பெஞ்சுக்கு ஒரு வேலை என்று மாஸ்டர் பிரித்தார். ஒருவன் பென்சிலில் படம் வரைய வேண்டும். பக்கத்தில் இருப்பவன் அதைப் பார்த்து மண்ணில் செய்ய வேண்டும்.

என் பெஞ்சுக்காரன் யார் என்று உங்களுக்குத் தெரியும். பனியன் கம்பெனி முதலாளி வீட்டுப் பையன். அவனுக்குப் படம் நன்றாக வரும். எனக்கு வராது. என் மாம்பழத்தைப் பார்த்து மாஸ்டர், “இது என்னலே, காது கேக்காதவன் காதா?” என்று கேட்டது உங்களுக்கும் நினைவிருக்கும். ஆனால் மண் என் கைக்குக் கட்டுப்பட்டது. ஏன் என்று தெரியாது.

அவன் அப்பாவின் கம்பெனியில்தான் என் அம்மா வேலை செய்தார். தைத்து முடித்த பனியனில் தொங்கும் நூலைக் கத்தரித்து எடுப்பது, அதற்குப் பெயர் பிசிறு வெட்டுவது. என் அப்பா நான் சின்னவனாக இருக்கும்போதே போய்விட்டார். வீட்டில் அம்மா, அப்பாவின் அக்காவான அத்தை, நான். மூன்று பேரும் அம்மாவின் கத்தரியை நம்பி இருந்தோம்.

ஒரு திங்கட்கிழமை பெஞ்சுக்காரன் படத்தைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தான். ஒரு காலை மடித்து ஒரு காலைக் குத்திட்டு, முதுகு வளைந்து, பனியனைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு ஒரு பெண். எனக்கு முகமெல்லாம் சுட்டது.

“எங்கம்மாவையாடா வரைஞ்ச?”

“வேற ஆரு ஆடாம உக்காந்திருந்தாங்க? மத்தவங்கெல்லாம் கதை பேசீட்டுத் தலைய ஆட்டிக்கிட்டே இருந்தாங்கடா.”

கிழித்துப் போடத்தான் நினைத்தேன். மாஸ்டர் பார்த்துவிட்டார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு என்னைப் பார்த்து, “இத நீ பண்ணிக் காட்டுலே, ஒன்னைய நான் ஆளுன்னு ஒத்துக்கிடுதேன்” என்றார். அதுவரை பள்ளிக்கூடத்தில் யாரும் என்னிடம் எதையும் செய்து காட்டச் சொன்னதில்லை.

பதினோரு நாள் செய்தேன். மண் காய்ந்துவிட்டால் மறுநாள் ஒட்டாது. மற்ற பெஞ்சுகளில் கோணிச் சாக்கை நனைத்துச் சுற்றினார்கள். அது மண்ணைப் பிடித்து இழுத்து மூக்கையும் விரலையும் பிய்த்துவிடும். நான் அம்மா கொண்டுவரும் பனியன் வேஸ்ட்டை நனைத்துச் சுற்றினேன். பனியன் துணி இழுத்த பக்கம் வரும், விட்டால் திரும்பிப் போகும், மண்ணுக்கு நோகாது. ஒரு காலையில் துணியைப் பிரித்தபோது பொம்மையின் முதுகு முழுக்கப் பனியன் பின்னல் அச்சாகப் பதிந்திருந்தது. அழிக்கப் போனேன். மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “வுடுலே. அது அவ உடுத்தின துணி” என்றார். அந்தப் பின்னல் இன்றும் அதன் முதுகில் இருக்கிறது. போய்ப் பாருங்கள். முதலாளி வீட்டில் பனியன் வேஸ்ட்டை யாரும் வீட்டுக்குத் தூக்கி வருவதில்லை.

பள்ளிக்கூடத்துக்குச் சொந்தச் சூளை ஏது? ஊர்க்கோடியில் பானை சுடும் சூளைக்காரரிடம் ஆளுக்கொன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் என் பொம்மையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். “உள்ள கெட்டியா இருக்குதே கண்ணு. இப்பிடியே வச்சா பட்டாசாட்டம் போயிரும்” என்று ஒரு வளைந்த கம்பியைக் கொடுத்தார். அடியிலிருந்து குடைந்து குடைந்து மண்ணை எடுத்தேன். அம்மாவின் வயிற்றைக் குடைகிற மாதிரி இருந்தது. 

சூளையில் அடுக்குவதற்கு அங்கே வேறு பொம்மைகளும் இருந்தன. ஆண், பெண், தொட்டில் பிள்ளை, மாடு, ஒரு நாய். எல்லாம் கருப்பராயன் கோயிலுக்குப் போக வேண்டிய உருவாரங்கள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். உடம்புக்கு ஆகாதவர்கள் தேறினால் அவர்களுடைய உருவத்தை மண்ணில் சுட்டு வைக்கிறேன் என்று சாமியிடம் வேண்டிக்கொள்வார்கள். சூளைக்காரர் என்னிடம் கேட்டார்.

“ஆருக்குக் கண்ணு இது?”

பெருமை தாங்காமல் நான், “எங்கம்மாளுக்குங்க!” என்றேன்.

அவர் முகம் மாறியது. “ஐயோ பாவம்” என்று சொல்லி, பள்ளிக்கூடத்துப் பொம்மைகளிலிருந்து அதை எடுத்து உருவாரங்களின் பக்கம் வைத்தார். நல்ல இடமாகப் பார்த்து வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு துள்ளி ஓடிவந்தேன்.

மூன்றாம் நாள் சந்தையில் சூளைக்காரர் என் அத்தையைப் பார்த்து, “தம்பி சம்சாரத்துக்கு என்னங்க ஒடம்புக்கு? பையனையே உருவாரம் செய்ய வச்சிருக்கறீங்க” என்று விசாரித்திருக்கிறார். அத்தை வாங்கிய கத்தரிக்காயைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் நான் உள்ளே நுழையும்போது வீட்டில் யாரும் விளக்கேற்றக்கூட இல்லை. அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அத்தை நின்றுகொண்டிருந்தார்.

“ஆரக் கேட்டு உங்கம்மாளச் சூளைல ஏத்துன?”

“அது டிராயிங்குக்கு அத்தை. கண்காட்சிக்கு.”

“கண்காட்சியாமா! வேண்டுதல் இல்லாம ஆள் உருவம் நெருப்புல ஏறுச்சுன்னா என்ன அர்த்தம்? சாமி தானாக் கேட்டு வாங்கியிருக்குதுன்னு அர்த்தம். குடுக்காம வெச்சிருந்தா ஆளையே கேக்கும்.”

அம்மா முதலில் சிரிக்கத்தான் பார்த்தார். “அவன் பாட்டுக்கு வெளையாட்டுக்குச் செஞ்சிருக்கறான்” என்றார். சொல்லும்போதே இருமல் வந்தது. அந்த இருமல் எப்போதும் வருவதுதான், கம்பெனியில் எல்லோருக்கும் வரும். ஆனால் அன்றைக்கு இருமி முடித்தபின் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அம்மா மெதுவாக, “கோயில்லயே வச்சுரு கண்ணு. உனக்கென்ன, வேற ஒண்ணு செஞ்சுக்கலாமல்ல” என்றார். பயந்துவிட்டார். அவர் பயந்ததைப் பார்த்தபிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

மறுநாள் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் எல்லோருக்கும் கேட்கும்படி, “மூடத்தனம்லே இது. ஒங்க அம்மைகிட்டப் போய்ச் சொல்லு, மண்ணு யாரையும் கொல்லாதுன்னு. பொம்ம வெள்ளிக்கெழம இங்க வரல, ஒன் பேரக் கண்காட்சி லிஸ்ட்ல அடிச்சுருவேன்” என்றார். கெட்ட மனிதர் இல்லை. அந்தப் பொம்மை மேல் அவருக்கு என்னைவிட ஆசை இருந்தது. ஆனால் அத்தையும் சரி, அவரும் சரி, என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார்களே தவிர, உனக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வயது பன்னிரண்டு. பொம்மை பள்ளிக்கூடத்துக்குப் போனால் அம்மா செத்துப்போவார். கோயிலுக்குப் போனால் நான் ஆளாக மாட்டேன்.

சோறு இறங்கவில்லை. பெஞ்சுக்காரன்தான் கேட்டான். “உங்க அத்தை அந்தப் பொம்மையப் பாத்திருக்கறாங்களா?”

“இல்ல.”

“உங்கம்மா?”

“இல்ல.”

“அப்பறம் என்னடா!”

யோசனை அவனுடையது. அதை நான் இங்கே ஒளிக்கவில்லை. செய்தது நான். இன்னொரு பொம்மை, இரண்டே மணி நேரத்தில். சூளை மறுபடி பற்ற வைக்கப் பதினைந்து நாள் ஆகும், அதனால் சுடவில்லை. வெயிலில் காய வைத்து, செங்கல்லை உரசிய தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினேன். சுட்டது போலவே சிவந்தது. சூளையிலிருந்து நிஜப் பொம்மை முழுசாக வந்தது, ஒரு கீறல் இல்லை. அதைப் பெஞ்சுக்காரன் நூல் கோன் வரும் அட்டைப் பெட்டியில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனான். பச்சை மண்ணை நான் கோயிலுக்குக் கொண்டுபோனேன்.

அம்மா வேலைக்கு அரை நாள் லீவு போட்டுத் தலைக்குக் குளித்து வந்திருந்தார். பொம்மையைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“இதுதான் நானா? மூக்கு எங்க கண்ணு?”

“சூளைல மழுங்கிருச்சுங்கம்மா.”

பூசாரி பூ வைத்தார், குங்குமம் வைத்தார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. அப்போது அவர் சொம்பைத் தூக்கினார்.

“மஞ்சத் தண்ணிய ஊத்திரலாமுங்களா அம்மிணி?”

“ஊத்துங் சாமி, தலையோட நல்லா ஊத்துங்” என்றார் அத்தை.

“வேண்டாமுங்!” என்று கத்திவிட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாயில் என்ன வருகிறது என்று எனக்கே தெரியவில்லை. “எங்கம்மாளுக்குச் சளிங்க. தண்ணி ஆகாதுங்க.”

பூசாரி கண் கலங்கிப்போனார். “பாருங், பெத்தவ மேல எத்தனை பாசம்! உனக்கு நல்ல புள்ளையக் குடுத்திருக்கறான் அம்மிணி கருப்பராயன்.” சொம்பை இறக்கிவிட்டு, விரலால் தொட்டுத் தெளித்தார். ஒரு சொட்டு பொம்மையின் கழுத்தில் விழுந்து சிவப்பாக வழிந்தது. நான் சட்டென்று குங்குமத்தைத் தொட்டு அந்த இடத்தில் அப்பினேன். அம்மா என் தலையைத் தடவினார். அந்தக் கை பட்ட இடம் எனக்கு எரிந்தது.

அன்றிலிருந்து நான் வானத்தைப் பார்க்கத் தொடங்கினேன். ஐப்பசி மாதம். நீங்கள் எல்லாம் மழைக்கு லீவு விடுவார்களா என்று பார்த்தீர்கள். நான் கோயில் பக்கம் மேகம் கறுக்கிறதா என்று பார்த்தேன். பள்ளி விட்டதும் ஓடிப்போய்த் தென்னங்கீற்றை எடுத்து மூடுவேன். காலையில் பூசாரி வருமுன் ஓடிப்போய் எடுப்பேன். ஒருநாள் தூறலில் அதன் ஒரு கை விழுந்தது. எச்சில் தொட்டு ஒட்டினேன். அன்று அம்மா கை வலிக்கிறது என்றார். தினமும் பனியன் பிசிறு வெட்டுகிறவருக்குக் கை வலிக்காமல் இருக்குமா? இன்றைக்குக் கேட்கிறேன். அன்றைக்கு எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

பிறகு மூன்று நாள் அடைமழை. ஊருக்கும் கோயிலுக்கும் நடுவில் இருந்த ஓடைப் பள்ளத்தில் தண்ணீர் இடுப்புக்கு மேல் போனது, கடக்க முடியவில்லை. இக்கரையில் நின்று பார்த்தால் கோயில் தெரியும், உருவார வரிசை தெரியாது. நாலாம் நாள் போனேன். மாடு நின்றது, தொட்டில் நின்றது, நாய் நின்றது. எங்கம்மா இருந்த இடத்தில் சாணி தட்டியது போல ஒரு குவியல். தலை முழங்கால் வரை சரிந்து இறங்கியிருந்தது. மண்ணை வழித்துப் பள்ளத்தில் வீசினேன். வெற்றிடம் பல்லை இளித்தது. நாயை நகர்த்தி அங்கே வைத்தேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா போர்த்திப் படுத்திருந்தார். காய்ச்சல். நெஞ்சுச் சளி. டாக்டர் தட்டிப் பார்த்து, பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் இறங்கியிருக்கிறது, சில மாசம் கம்பெனிப் பக்கமே போகக் கூடாது என்றார்.

அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். “உருவாரம் வச்சதுனால இதோட போச்சு. இல்லீன்னா என்ன ஆயிருக்குமோ!”

நான் கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டேன்.  யாரிடம் போய்ச் சொல்ல? மாஸ்டரிடம் சொன்னால் திட்டுவார். பூசாரியிடம் சொன்னால் ஊர் கூடும். அத்தையிடம் சொன்னால் அம்மா காதில் விழும், அந்தப் பயமே அவரைக் கொண்டுபோய்விடும். ஒரே வழிதான் எனக்குத் தெரிந்தது. அம்மா இனி அந்தத் தூசியில் உட்காரக் கூடாது. அந்த இடத்தில் நான் உட்கார வேண்டும்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு முதலாளியிடம் போய் நின்றேன். அம்மாவின் கத்தரி என் கைக்கு வந்தது. படிப்பு ஏறவில்லை, பிடிக்கவில்லை என்று வீட்டில் சொன்னேன். அம்மா எழுந்து உட்கார முடியாத நிலையிலும் என்னை அடித்தார். பிறகு அதை நம்பினார். ஐம்பது வருஷம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “எம்பையனுக்குப் படிப்புத்தான் ஏறல, மத்ததெல்லாம் ஏறுச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாஸ்டர் வகுப்பில், “நாலு காசு கண்ணுல பட்டா பள்ளிக்கூடம் கசக்கத்தாம்லே செய்யும்” என்றாராம். நீங்கள் சிரித்தீர்களாம். பெஞ்சுக்காரன் வந்து சொன்னான்.

அவன் வந்தது அதைச் சொல்ல இல்லை. கண்காட்சி முடிந்த மறுநாள், சைக்கிளைக் கம்பெனிச் சுவரில் சாத்திவிட்டு மூச்சு வாங்க ஓடிவந்தான்.

“டேய், மொதப் பரிசுடா! நம்ம பொம்மைக்கு!”

என் மடியில் பனியன் குவிந்து கிடந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. பேப்பரில் வருமா என்றுதான் கேட்டேன்.

“பள்ளிக்கூட போர்டுல எழுதுவாங்க. சர்டிபிகேட்டுல ரெண்டு பேரையும் போடணும்னு மாஸ்டர் சொல்றாரு. நின்னுபோன பையன் பேர எப்பிடிப் போடறதுன்னு ஹெட்மாஸ்டர் கேக்கறாரு. நான் போயிச் சொல்லட்டுமா? நீதான் செஞ்சேன்னு?”

போர்டில் என் பெயர் வந்தால் அத்தைக்குத் தெரியும். அத்தைக்குத் தெரிந்தால் கோயிலில் வைத்தது எது என்று கேட்பார். அம்மா அப்போதுதான் எழுந்து கஞ்சி குடிக்கத் தொடங்கியிருந்தார்.

“எம்பேரச் சொல்லாத. நீயே வாங்கிக்க.”

“நெசமாவா?”

“எங்கம்மா மேல சத்தியம். ஆரு கேட்டாலும் நீயே செஞ்சன்னு சொல்லீரு.”

அவன் அழுதான். நான் அழவில்லை. பிசிறு வெட்டிக்கொண்டே இருந்தேன்.

இதுதான் நடந்தது. அம்மா மூன்றே மாதத்தில் தேறி எழுந்தார். சாமி கொல்லவில்லை, மண்ணும் கொல்லவில்லை. அது தெரிவதற்குள் என் பெயர் பள்ளிக்கூட ரெஜிஸ்டரிலிருந்து போய்விட்டது.

போன மாதம் அந்த அட்டையைப் பார்த்தவுடன் பெஞ்சுக்காரனுக்குப் போன் செய்தேன். அவன் கோயமுத்தூரில் இன்ஜினீயராக இருந்து ரிட்டயர் ஆனவன். விழாக் கமிட்டியிலும் இருக்கிறான்.

“ஒரு பேரு கொறையுதடா” என்றேன்.

“நீதான சத்தியம் பண்ணுன?”

“அது அப்போ.”

“எது வரைக்கும்னு நீ சொல்லலயே. அது கெடக்குது, உங்கம்மா உசுரோட இருக்கறாங்கடா. அவங்களுக்கு மொதல்ல சொல்லு. அப்பறம் அட்டைய மாத்தலாம். கமிட்டில மத்தவங்க சர்டிபிகேட்டத்தான் பாப்பாங்க, அதுக்கும் நீதான் பதில் சொல்லோணும்.”

அவன் சொன்னது சரிதான். வெளிநாட்டுக் கம்பெனி ஆடிட் ஆட்கள் வந்தபோதுகூட எனக்குக் கை வியர்த்ததில்லை. எண்பத்திரண்டு வயது அம்மாவின் கட்டில் முன்னால் நிற்கும்போது வியர்த்தது. காது மந்தம் என்பதால் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. சமையல்காரப் பெண் வரை எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

அம்மா கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

“அப்ப சாமிக்குப் பச்ச மண்ணையா குடுத்த?”

“ஆமாங்கம்மா.”

“படிப்பு ஏறலைன்னதும் பொய்யி?”

“ஆமாங்கம்மா.”

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என் கையால் மாத்திரைகூட வாங்கவில்லை. மூன்றாம் நாள், “காரை எடு” என்றார். பழைய சூளைக்காரரின் பேரன் இப்போது மாடித் தோட்டத்துக்குப் பூந்தொட்டி செய்கிறான். அவனிடம் சொல்லி முறையாகச் சுட்ட உருவாரம் ஒன்றை வாங்கிப் போய்க் கோயிலில் வைத்தோம். பூசாரியிடம் அம்மாவே சொம்பை வாங்கி, நானே ஊற்றுகிறேன் என்று தலையோடு ஊற்றினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அங்கிருந்து நேரே பள்ளிக்கூடம் போகச் சொன்னார். ஓவிய அறையில் சுண்ணாம்பு வாசம் போகவில்லை. மேஜை மேல் பொம்மை இருந்தது. அம்மா அதை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்க்கிறார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அதன் வளைந்த முதுகில் நடுவிரலை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, இடுப்புக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்தினார்.

“இந்த எடத்துலதான் வலிக்கும்” என்றார்.

கூட வந்த ஹெட்மிஸ்ட்ரஸ் காதிலும் அது விழுந்தது. கமிட்டி ஆட்கள் இருவர் காதிலும் விழுந்தது. இதற்கு மேல் எனக்குச் சாட்சி வேண்டியதில்லை. சர்டிபிகேட் காகிதம் உங்களிடம் இருக்கலாம். அந்த முதுகைச் செய்தவன் நான்.

இப்போது விழாக் கமிட்டிக்கு என் கோரிக்கை. அட்டையில் இரண்டு வரி வேண்டும். படம் வரைந்தது அவன், அவன் பெயரை மேல் வரியில் போடுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. மண்ணில் செய்தது நான், என் பெயரைக் கீழ் வரியில் போடுங்கள். எழுத்து இரண்டுக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஏழாம் வகுப்பு, பாதியில் நின்றவர் என்று சேர்த்துப் போட்டாலும் சரி, உண்மைதானே. வாசலில் நன்கொடையாளர் என்று கல்லில் என் பெயரை வெட்டுவதாகக் கேள்விப்பட்டேன். அது வேண்டாம். வெட்டியிருந்தால் சிமென்ட் பூசி மூடிவிடுங்கள். கட்டடத்தை யார் வேண்டுமானாலும் கட்டிக் கொடுப்பார்கள்.

திறப்பு விழா அன்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு சீக்கிரமே வருவேன். யாரும் ரிப்பன் வெட்டுமுன் அந்தப் பெட்டி முன்னால் நின்று அட்டையை வாசித்து அவருக்குச் சொல்லப் போகிறேன். அந்த அளவுக்கு எனக்குப் படிக்கத் தெரியும்.